சின்ன வீட்டில் எழுதுவதற்கு ஓர் இடம்: மேசையைக் கடைசியில் வாங்குங்கள்

எழுத உட்கார வேண்டும் என்று முடிவு செய்தவர்களில் பெரும்பாலானோர் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே மேசை வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் கிளம்பினேன். 12 ஆண்டுகளாக வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். அதில் முதல் 3 ஆண்டுகள் தவறான இடத்தில், தவறான உயரத்தில் உட்கார்ந்திருந்தேன் என்பதைக் கழுத்து வலி வந்துதான் சொல்லிக்கொடுத்தது. அதன் பிறகு நண்பர்கள், உறவினர்கள் என ஆறேழு வீடுகளில் எழுதும் இடம் அமைக்கக் கூடமாட இருந்திருக்கிறேன். எல்லோரும் இடறியது ஒரே இடத்தில்தான்: பொருளை முதலில் வாங்கிவிட்டு, பிறகு அதற்கு இடம் தேடினார்கள்.

தனி அறை வாய்த்தவர்களுக்கு இந்த வழிகாட்டி அவ்வளவாகத் தேவைப்படாது. இரண்டு அறை, ஒரு கூடம், நான்கு பேர், ஆணி அடித்தால் முகம் சுளிக்கும் வீட்டுக்காரர் என்ற நிலைமையை மனதில் வைத்தே எழுதுகிறேன். படிகளின் வரிசையை மாற்ற வேண்டாம். ஒன்றின் விடை தெரியாமல் அடுத்ததைச் செய்தால் இரண்டு முறை செலவாகும்.

தொடங்கும்போது வேண்டியவை ஒரு தையல் டேப், ஒரு பழைய நோட்டு, வீட்டில் ஏற்கெனவே கிடக்கும் ஒரு நாற்காலி, தற்காலிக மேசையாக உதவும் ஏதாவது ஒன்று. நான் இஸ்திரி போடும் மேசையை வைத்துக்கொண்டேன். பணப்பையை இப்போதைக்கு எடுக்காதீர்கள்.

1. ஒரு வாரம் இடையூறுகளைக் குறித்து வையுங்கள்

எழுதுவதற்கு நினைத்திருக்கும் நேரத்தில், வீட்டில் எங்கேயாவது உட்கார்ந்து எழுதத் தொடங்குங்கள். கவனம் கலைந்ததும் மணியையும் காரணத்தையும் ஒரு வரியில் குறியுங்கள். என் நோட்டில் முதல் நாள் இப்படி இருந்தது: “5.40 பால் பாக்கெட். 6.15 மோட்டார். 7.10 குக்கர். 7.25 சட்டைப் பொத்தான் தைக்கச் சொல்லி மகன். 8.30 பள்ளி வேன். 9.05 எதிர்வீட்டுப் பேச்சு.”

ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் இடையூறுகள் இரண்டு வகையாகப் பிரியும். மோட்டார், குக்கர், பள்ளி வேன், மாலைத் தொடர் போன்றவை கடிகாரம் பார்த்து வருகின்றன. அழைப்பு மணி, பொத்தான், எதிர்வீட்டுப் பேச்சு போன்றவை நினைத்தபோது வருகின்றன. முதல் வகைக்கு எழுதும் நேரத்தை மாற்றினால் போதும். இரண்டாம் வகைக்குத்தான் இடத்தை மாற்ற வேண்டும். இந்தப் பிரிப்பைச் செய்யாதவர்கள், நேரத்தை அரைமணி தள்ளினால் தீர்ந்துபோகும் தொல்லைக்காகக் கதவுக்குக் கனமான திரை தைத்துப் போடுகிறார்கள்.

சமையல் எரிவாயு சிலிண்டர் வரும் நாளை மட்டும் விட்டுக்கொடுத்துவிடுங்கள். மணியடிக்கும்போது கதவைத் திறக்க வேண்டும், பணம் கொடுக்க வேண்டும், கைப்பேசிக்கு வந்த எண்ணைத் தேடிச் சொல்ல வேண்டும். அன்றைக்குப் பிழை திருத்தும் வேலையை வைத்துக்கொள்ளலாம். புதிதாக எழுத வேண்டாம்.

2. வேறு யாருக்கும் வேலையில்லாத இடத்தைத் தேடுங்கள்

அமைதியான மூலை எது என்று பார்ப்பதுதான் எல்லோருக்கும் இயல்பு. அதைவிடச் சரியான கேள்வி, எந்த மூலைக்கு வீட்டில் வேறு யாரும் எதையும் எடுக்க வரமாட்டார்கள் என்பது.

ஒரு தோழி படுக்கையறையில் பீரோவுக்குப் பக்கத்தில் மேசை போட்டாள். அறை அமைதியாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டில் எல்லோருடைய துணியும் அந்த பீரோவுக்குள் இருந்தது. காலை 7 முதல் 9 வரை ஒருவர் மாற்றி ஒருவர் “கொஞ்சம் நகர்ந்துக்கோ” என்று வந்துகொண்டே இருந்தார்கள். நான் செய்த தவறு இன்னும் மோசம். பரணுக்குக் கீழே உட்கார்ந்தேன். மாமியார் அரிசி டப்பாவை எடுக்க ஸ்டூலோடு வருவார். அவர் மேலே ஏறி நிற்கும்போது நான் எழுதிக்கொண்டிருக்க முடியுமா? ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

ஆகவே பீரோ, துணி துவைக்கும் இயந்திரம், பூஜை அலமாரி, இன்வெர்ட்டர், துணி காயும் கொடி, குடிநீர் கேன் ஆகியவற்றிலிருந்து குறைந்தது 4 அடி தள்ளியிருக்கும் இடங்களை முதலில் பட்டியலிடுங்கள். சின்ன வீட்டில் இரண்டு இடம் தேறினால் பெரிய விஷயம். ஒன்றுமே தேறவில்லையென்றால், அந்த மூலையில் இருக்கும் பொருளை நகர்த்துவது மேசையை நகர்த்துவதைவிட எளிது. என் வீட்டில் அரிசி டப்பா சமையலறைத் திட்டுக்குக் கீழே போனது. அன்றோடு பரண் பிரச்சினை தீர்ந்தது.

நடைபாதைக்கு முதுகு காட்டி உட்காராதீர்கள். பின்னால் ஆள் போகும்போதெல்லாம் உடம்பு தானாக விறைக்கும். முதுகுக்குப் பின்னால் சுவரோ அலமாரியோ இருக்கட்டும்.

3. வெயிலும் காற்றும் எங்கிருந்து வருகின்றன என்று பாருங்கள்

மேற்குச் சுவர் பிற்பகல் முழுவதும் வெயிலைக் குடித்துவிட்டு, இரவு 7 மணிக்கு மேல் வீட்டுக்குள் கக்கும். மாலையில் எழுதுகிறவர் கத்திரி வெயில் காலத்தில் அந்தச் சுவரை ஒட்டி உட்கார்ந்தால் அடுப்படியில் உட்கார்ந்த மாதிரிதான். மாலை 7 மணிக்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், சோதனை அவ்வளவுதான். மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் வீடுகளில் கூரையும் இப்படியே செய்யும். அங்கே அதிகாலையில் எழுதுவதைத் தவிர வேறு நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

காற்று ஊருக்கு ஊர் மாறும். சென்னையில் கோடைப் பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து வருவதால் கிழக்கு ஜன்னல் ஒரு வரம். கோவைப் பக்கம் தென்மேற்குப் பருவத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து காற்று வருகிறது. சென்னையில் கேட்டுக்கொண்ட யோசனையைக் கோவையில் அப்படியே செய்தால் வியர்த்துக்கொண்டுதான் எழுத வேண்டும்.

அதே கிழக்கு ஜன்னல் ஐப்பசியில் சாரலைக் கொண்டுவரும், ஏனென்றால் சென்னைக்குப் பெருமழை வடகிழக்குப் பருவத்தில்தான். மேசையை ஜன்னலோடு ஒட்டிப் போடாமல் ஒன்றரை அடி விடுங்கள். கொசுவலை சாரலைத் தடுக்காது. துளிகளை இன்னும் பொடியாக்கி அனுப்பும். ஒரு முழு அத்தியாயத்தின் கைப்பிரதி மை கரைந்து நீலமாகப் போனதைப் பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

4. உங்கள் முழங்கையை அளந்துகொள்ளுங்கள்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். மற்ற தவறுகள் கவனத்தைக் கெடுக்கும். இங்கே செய்யும் தவறு உடம்பைக் கெடுக்கும்.

வீட்டு நாற்காலியில் நன்றாகப் பின்னால் சாய்ந்து உட்காருங்கள். பாதம் இரண்டும் தரையில் படிந்திருக்க வேண்டும். தோள்களைத் தளர்த்தி, கைகளைப் பக்கவாட்டில் தொங்கவிட்டு, முழங்கையை மடக்குங்கள். தரையிலிருந்து முழங்கையின் அடிப்பக்கம் வரை எவ்வளவு என்று இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள். தனியாக அளந்தால் டேப்பைப் பார்க்கக் குனிவீர்கள், அளவு குறைந்துவிடும். எனக்கு 25½ அங்குலம் வந்தது.

தட்டச்சு செய்கிறவருக்கு விசைப்பலகை அந்த உயரத்திலேயே இருக்க வேண்டும். கையால் எழுதுகிறவருக்கு ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் கூடுதலாக இருக்கலாம், தாள் கண்ணுக்குக் கொஞ்சம் கிட்ட வரும். கடையில் ஆயத்தமாக விற்கும் மேசைகள் பெரும்பாலும் 30 அங்குல உயரம். சாப்பாட்டு மேசையும் ஏறக்குறைய அதுவே. எனக்கு அது 4½ அங்குலம் அதிகம். அந்த வித்தியாசத்தை ஈடுகட்ட உடம்பு தோள்களைத் தூக்கிக்கொள்கிறது. ஒரு மணி நேரம் தோளைத் தூக்கிவைத்திருந்தால் பிடரியில் வலி வராமல் என்ன செய்யும்?

மேசை உங்களுடையது, மரத்தால் ஆனது என்றால் தச்சரிடம் சொல்லி நான்கு காலையும் தேவையான அளவுக்கு அறுத்துவிடலாம். அரைமணி நேர வேலை. அறுப்பதற்கு முன் மேசைக்கு அடியில் இழுப்பறை இருக்கிறதா என்று பாருங்கள். அது 4 அங்குலத்தை விழுங்கிவிடும். உயரத்தைக் குறைத்த பிறகு தொடை நுழையாது. இழுப்பறை வைத்த மேசைதான் அழகு என்று வாங்கி, கால் நுழையாமல் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து எழுதும் ஒருவரை எனக்குத் தெரியும். ஒன்றரை ஆண்டாக அப்படித்தான் எழுதுகிறார்.

அறுக்க முடியாது என்றால் உங்களை உயர்த்திக்கொள்ளுங்கள். நாற்காலியில் மெத்தை போட்டு, பாதத்துக்கு அடியில் பழைய மணைப்பலகையை வையுங்கள். பலகை இல்லாமல் மெத்தையை மட்டும் போடுவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. பாதம் தொங்கும், தொடையின் அடிப்பக்கம் நாற்காலி விளிம்பில் அழுந்தும், கால் மரத்துப்போகும். இலவம்பஞ்சுத் தலையணை அரைமணியில் அமுங்கிவிடுவதால், அதன் மேல் சிறிது நேரம் உட்கார்ந்த பிறகே அளவு பாருங்கள்.

நாற்காலிக்குக் கைப்பிடி இருந்தால் அது மேசைக்கு அடியில் போகிறதா என்று பாருங்கள். மேசை விளிம்பில் இடித்தால் நீங்கள் அரை அடி தள்ளியே உட்கார்ந்து, முன்னால் வளைந்து எழுதுவீர்கள். சக்கரம் வைத்த சுழல் நாற்காலி எனக்குப் பிடிக்காது. வாக்கியம் அகப்படாதபோது சுற்றத் தோன்றும். ஆனால் அதன் உயரத்தைக் கூட்டிக் குறைக்க முடியும் என்பதால், வேண்டாம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். விசைப்பலகை சரியான உயரத்தில் இருந்தால் திரை தாழ்ந்திருக்கும். திரையைத் தூக்கினால் விசைகள் மேலே போய்விடும். தனி விசைப்பலகை ஒன்று வாங்கி, மடிக்கணினியைத் தடிமனான புத்தகங்களின் மேல் ஏற்றுங்கள். திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்துக்கு வரட்டும், தூரம் நீட்டிய கை அளவு இருக்கட்டும். மொத்த ஏற்பாட்டிலும் பணம் கொடுத்து வாங்கியே ஆக வேண்டிய பொருள் என்று நான் சொல்வது இந்த விசைப்பலகை ஒன்றைத்தான்.

5. தரையில் உட்கார்ந்து எழுதுகிறவர்களுக்கு

சம்மணம் போட்டு எழுதுவது பழகியவர்களை நாற்காலிக்கு மாற்ற வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. ஜமுக்காளத்தை நான்காக மடித்து 3 அங்குலம் வரும்படி இடுப்புக்கு அடியில் மட்டும் போடுங்கள், முழங்கால் கீழே இருக்கட்டும். இடுப்பு உயர்ந்தால்தான் முதுகு தானாக நிமிரும். கணக்குப்பிள்ளை மேசை என்ற தாழ்வான சாய்மேசை கிடைத்தால் நல்லது. அதுவும் தொடைக்கு மேலே தாராளமாக நிற்க வேண்டும்; முழங்கை அளவு இங்கேயும் அதேபோல்தான்.

முக்கால் மணிக்கு ஒரு முறை எழுந்து நடக்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் இந்தப் படியைத் தாண்டிவிடுங்கள்.

6. வெளிச்சத்தைப் பக்கவாட்டிலிருந்து வரவழையுங்கள்

ஜன்னல் எதிரில் இருந்தால் கண் கூசும். முதுகுக்குப் பின்னால் இருந்தால் திரையில் உங்கள் முகமும் தெருவும் தெரியும். பக்கவாட்டில் இருப்பதே சரி. வலக்கையால் எழுதுகிறவருக்கு இடப்பக்கம், இடக்கைக்காரருக்கு வலப்பக்கம். கையின் நிழல் எழுதும் இடத்தில் விழாது.

இரவில் பெரும்பாலான வீடுகளில் டியூப்லைட் ஒரு பக்கச் சுவரில் மட்டும் இருக்கும். எதிர்ச்சுவரைப் பார்த்து மேசை போட்டால் உங்கள் தலையின் நிழல் தாளில் விழும். அதிக வாட் விளக்கு மாட்டினால் நிழல் இன்னும் கறுப்பாகத்தான் விழும். மேசைமேல் ஒரு சின்ன விளக்கை, ஜன்னலுக்குச் சொன்ன அதே பக்கத்தில் வையுங்கள். எல்இடி பல்பு வாங்கும்போது பெட்டியில் 3000, 4000, 6500 என்று ஏதாவது ஓர் எண் அச்சிட்டிருக்கும். எண் ஏற ஏற ஒளி நீலம் கலந்த வெள்ளையாகும். கடைக்காரர் கேட்காமலே 6500 எடுத்துத் தருவார். இரவில் நெடுநேரம் தாளைப் பார்க்கிறவருக்கு 4000 இதமானது, கேட்டு வாங்குங்கள்.

அறை விளக்கை அணைத்துவிட்டு மேசை விளக்கில் மட்டும் எழுதுவது படத்தில் பார்க்க அழகாக இருக்கும். பளிச்சிடும் தாளுக்கும் இருண்ட அறைக்கும் மாறி மாறிக் கண் பழக வேண்டியிருப்பதால் விரைவில் சோர்வு வரும். இரண்டும் எரியட்டும்.

7. மின்சாரம்: எந்த பிளக் எதில் ஓடுகிறது?

இன்வெர்ட்டர் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். பல வீடுகளில் அந்த இணைப்பு விசிறிக்கும் விளக்குக்கும் மட்டுமே போயிருக்கும், பிளக் பாயிண்டுக்குப் போயிருக்காது. மெயின் சுவிட்சை ஒரு நிமிடம் அணைத்துவிட்டு, ஒவ்வொரு பிளக்கிலும் கைப்பேசி சார்ஜரைச் செருகிப் பாருங்கள். உயிரோடு இருக்கும் பிளக் எது என்று தெரிந்த பிறகு மேசையின் இடத்தை ஓரிரு அடி நகர்த்த வேண்டியிருக்கலாம். இதனால்தான் இந்தச் சோதனையை மேசை வாங்கும் முன்பே செய்யச் சொல்கிறேன்.

பராமரிப்புக்காக மின்தடை செய்யும் பகுதிகளின் பெயர்களை முந்தைய நாள் நாளிதழ்களில் போடுவார்கள். வழக்கமாகக் காலை 9 மணிக்குத் தொடங்கிப் பிற்பகல் வரை நீளும். அன்று கையெழுத்து வேலை.

ஜங்ஷன் பாக்ஸைத் தரையில் போடாதீர்கள். வீடு துடைக்கும் ஈரத்துணி அதைத் தொடாமல் போகாது. மேசைக் காலில் ஒரு சாண் உயரத்தில் கட்டிவிடுங்கள்.

8. சத்தத்தைக் குறைப்பது, முடியாததை மூடுவது

நான் இருப்பது சென்னை நங்கநல்லூரில். விமானங்கள் தலைக்கு மேலே போகும், பழவந்தாங்கல் பக்கமிருந்து மின்சார ரயில் சத்தம் கேட்கும். இரண்டும் என் எழுத்தைக் கலைத்ததில்லை. கலைப்பது எதிர்வீட்டு அம்மாள் குழாயடியில் நிதானமாகச் சொல்லும் மருமகள் கதை. பக்கத்தில் கட்டட வேலை நடந்தபோது தொழிலாளர்கள் இந்தியில் பேசிக்கொண்டது தொந்தரவாகவே இல்லை, எனக்கு இந்தி புரியாது. தமிழில் எழுதிக்கொண்டிருக்கும் மனம், காதில் விழும் தமிழைக் கேட்காமல் இருக்காது. எனவே நீங்கள் அஞ்ச வேண்டியது உரத்த சத்தத்தைக்கூட அல்ல, புரிகிற பேச்சை.

புரிகிற பேச்சைப் புரியாததாக்கினால் போதும். முழு அமைதி தேவையில்லை. மேசை விசிறி ஒன்றைக் காதுக்கு அருகில் ஓடவிட்டால் அதன் சீரான இரைச்சல் சொற்களின் விளிம்பை மழுக்கிவிடும். கூரை விசிறியைவிட இது நல்லது, தாளும் பறக்காது. பாட்டுப் போட்டுக்கொள்கிறவர்கள் தமிழ்ப் பாட்டைத் தவிர்த்து வாத்திய இசையைப் போடலாம்.

கதவு மூடியிருந்தும் கூடத்துத் தொலைக்காட்சி கேட்கிறது என்றால், கதவுக்கு அடியில் உள்ள இடைவெளியைப் பாருங்கள். காற்று புகும் இடத்தில் சத்தமும் புகும். பழைய வேட்டியைச் சுருட்டி அங்கே வைத்தால், ஆயிரக்கணக்கில் செலவழித்து வாங்கிய திரைச்சீலையைவிட அதிகப் பலன் தரும். பரிசோதிக்க ஒரு நிமிடம்தான் ஆகும்.

9. கொசு

மேசைக்கு அடியில் இருட்டு, அசையாத இரண்டு கால்கள். கொசுவுக்கு வேறென்ன வேண்டும்? மேசைமேல் தரை வரை தொங்கும் துணி விரிக்காதீர்கள், பகலெல்லாம் அதற்குள் பதுங்கியிருக்கும். அந்த மேசை விசிறியைக் கொஞ்சம் தாழ்வாக, காற்று காலிலும் படும்படி திருப்பி வையுங்கள். வீசுகிற காற்றில் கொசுவால் நிலைத்துப் பறக்க முடியாது. மாலை 6 மணிக்கு முன் ஜன்னலைச் சாத்திவிட்டு ஏழரைக்குத் திறப்பது பழைய வழக்கம், இன்றைக்கும் பலிக்கிறது.

10. கணினியையும் கைப்பேசியையும் அடக்குதல்

கணினியில் எழுத்துக்கென்று தனிப் பயனர் கணக்கு ஒன்று உருவாக்குங்கள். அதில் மின்னஞ்சலோ சமூக ஊடகமோ உள்நுழைந்த நிலையில் இருக்கக் கூடாது. கடவுச்சொல்லைத் தட்டித்தான் உள்ளே போக வேண்டும் என்றால் பாதி முறை கை திரும்பிவிடும். மன உறுதியை நம்பி இதைத் தள்ளிப்போட்டவர்கள் யாரும் ஒரு மாதம் தாண்டியதை நான் பார்த்ததில்லை.

தமிழ்99 என்ற தமிழ்த் தட்டச்சு முறையை இப்போதே பழகிவிடுங்கள். உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்கள் பெரும்பாலும் வலக்கையிலும் இருப்பதால் கைகள் மாறி மாறி ஓடும். ஒரே மெய்யை அடுத்தடுத்துத் தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும். ஆங்கில ஒலிப்பில் தட்டுகிறவர் ஒவ்வொரு சொல்லையும் மனதுக்குள் ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டிக்கொண்டிருக்கிறார். அதுவும் ஒரு கவனச்சிதறல்தான், வெளியே தெரியாது. பழக இரண்டு, மூன்று வாரம் ஆகும், அந்த நாட்களில் எரிச்சலாகத்தான் இருக்கும்.

எழுத்துருவை 14 அல்லது 16 புள்ளிக்கு ஏற்றி, வரி இடைவெளியை ஒன்றரை ஆக்குங்கள். சின்ன எழுத்தில் ணகரமும் னகரமும் ஒன்றாகத் தெரியும். பிழை உள்ளே போவதும் தெரியாது.

எழுதும்போது ஒரு சொல்லுக்குப் பொருள் பார்க்க வேண்டும், ஓர் ஆண்டைச் சரிபார்க்க வேண்டும் என்று தோன்றும். உடனே இணையத்துக்குப் போகாதீர்கள். அந்த இடத்தில் ## என்று போட்டுவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போங்கள். வேலை முடிந்ததும் அந்தக் குறியைத் தேடி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பாருங்கள். ஒரு சொல்லைப் பார்க்கப் போய் நாற்பது நிமிடம் கழித்து, யானைகளின் தூக்கத்தைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தது நான்தான். சொற்பொருளுக்கு அச்சிட்ட அகராதி ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும், அதில் விளம்பரம் வராது.

கைப்பேசியை அமைதியாக்கிக் கவிழ்த்து வைப்பது போதாது. பக்கத்தில் இருக்கிறது என்பதே தொல்லை. கூடத்தில் குளிர்பதனப் பெட்டியின் மேல் வைத்துவிடுங்கள். முழுவதும் அணைத்தால் ஊரிலிருக்கும் அப்பா, அம்மாவுக்கு அவசரம் என்றால் தெரியாது என்ற கவலை நியாயமானது. ஆண்ட்ராய்டில் ‘தொந்தரவு செய்ய வேண்டாம்’ என்ற அமைப்பில், அதே எண்ணிலிருந்து 15 நிமிடத்துக்குள் மறுபடி அழைத்தால் மட்டும் ஒலிக்கும்படி வைக்கலாம். உறவினர்களிடம் “அவசரம் என்றால் இரண்டு முறை அடியுங்கள்” என்று சொல்லிவிடுங்கள்.

அப்புறம், ஒரு டைம்பீஸ் வாங்குங்கள். மணி பார்க்கக் கைப்பேசியை எடுத்தவர் மணியை மட்டும் பார்த்துவிட்டு வைத்ததாக வரலாறு இல்லை.

11. மேசைமேல் என்ன இருக்கலாம்

இன்றைய வேலைக்கு வேண்டியது மட்டும். மின்கட்டண ரசீது, மருந்துச் சீட்டு, பிள்ளைகளின் பள்ளிச் சுற்றறிக்கை மூன்றும் மேசையைக் காலியாகப் பார்த்தால் வந்து உட்கார்ந்துகொள்ளும். அவற்றுக்கென்று கூடத்தில் ஒரு மூங்கில் கூடை வையுங்கள். போக வேறிடம் இல்லாததால்தான் அவை மேசைக்கு வருகின்றன.

தண்ணீரைச் செம்பிலோ டம்ளரிலோ வைக்காமல் மூடி போட்ட பாட்டிலில் வையுங்கள். புத்தக அலமாரியைச் சுவரோடு ஒட்டாமல் 2 அங்குலம் தள்ளிப் போடுங்கள். மழைக்காலத்தில் சுவரின் ஈரம் புத்தகத்துக்கு ஏறாது, கரையான் வந்தாலும் கண்ணில் படும்.

12. வீட்டாரிடம் பேசுவது

இதை முதலிலேயே செய்ய நினைப்பார்கள். இடமும் நேரமும் முடிவாகாமல் பேசினால் “என்னைத் தொந்தரவு செய்யாதீர்கள்” என்ற பொதுவான புகாராகத்தான் அது கேட்கும். “காலை 5.30 முதல் 7 வரை, இந்த மூலையில்” என்று சொல்ல முடிகிறபோது பேசுங்கள். எல்லை தெரிந்தால்தான் மற்றவர்களால் அதை மதிக்க முடியும்.

பதிலுக்கு நீங்கள் எதைச் செய்வீர்கள் என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள். ஏழு மணிக்கு மேல் பிள்ளைகளைக் கிளப்புவது என் பொறுப்பு என்று நான் ஏற்றுக்கொண்ட பிறகுதான் ஐந்தரை மணி எனக்குக் கிடைத்தது. ஒருவர் எழுதும் நேரத்தில் அவருடைய வீட்டு வேலையை வேறு யாரோ சுமக்கிறார்கள். அதைப் பேசாமல் விட்டால் குக்கர் விசிலில் கேட்கும்.

ஓர் அடையாளம் வைத்துக்கொள்வது நல்லது. எங்கள் வீட்டில் மேசை விளக்கு எரிந்தால் பேசக் கூடாது. அதற்கு நேர்மையாக, எழுதாமல் உட்கார்ந்திருக்கும்போது நான் விளக்கை அணைத்துவிட வேண்டும். சும்மா எரியவிட்ட ஒரு வாரத்தில் யாரும் அதை மதிக்காமல் போனார்கள்.

13. பத்து நாள் எழுதிப் பார்த்த பிறகு வாங்குங்கள்

இஸ்திரி மேசையோ கடன் வாங்கிய மேசையோ, அதை வைத்தே பத்து நாள் எழுதுங்கள். பழைய நோட்டில் மறுபடியும் இடையூறுகளைக் குறியுங்கள். முதல் வாரத்துப் பக்கத்தோடு ஒப்பிட்டால் எது மிச்சமிருக்கிறது என்று தெரியும். பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். இப்போது கடைக்குப் போகலாம். கையில் முழங்கை அளவு இருக்கிறது, மூலையின் நீள அகலம் இருக்கிறது, பிளக் எங்கே என்று தெரியும். எழுத மட்டும் என்றால் 3 அடி நீளமும் 2 அடி அகலமும் தாராளம். அதைவிடப் பெரிதாக வாங்கினால் மிச்ச இடத்தில் மின்கட்டண ரசீது வந்துவிடும்.

ஏற்பாடு முடிந்தது என்று விட்டுவிடாமல் மார்கழியில் ஒரு முறை பாருங்கள். நம் ஊரில் சித்திரையில் சூரியன் உச்சந்தலைக்கு மேலே போகும், ஆனியில் சற்று வடக்கே சாயும். அப்போதெல்லாம் தெற்கு ஜன்னலில் நேர் வெயில் வராது. மார்கழியில் அது தெற்கே சாய்ந்து போவதால் அதே ஜன்னல் வழியாக அறையின் பாதி வரை வெயில் நீளும். வைகாசியில் மேசை போட்ட ஒருவர், டிசம்பரில் திரையில் ஒன்றும் தெரியவில்லை, கண்ணாடி மாற்ற வேண்டும்போல என்று என்னிடம் சொன்னார். போய்ப் பார்த்தோம். மேசையை இரண்டு அடி கிழக்கே நகர்த்தினோம்.